கூப்பிடாமலே கூடும் கூட்டம்

எனக்குச் சட்டம் தெரியும் என்பதுதான் இருபத்துமூன்று வயதில் எனக்கிருந்த வியாதி. ஜேர்மனியில், கொலோன் நகரில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் உப்பை எடுத்துத் தரச் சொன்னால்கூட எந்தப் பிரிவின்படி என்று கேட்பேன்.

எங்கள் தமிழ் மன்றத்தின் தலைவர் குகன் அண்ணை. பொதுக்கூட்டம் கூட்டினால் தேர்தல் வைக்கவேண்டும் என்பதால், மண்டபம் இல்லை, பனி, ஆருக்கோ கலியாணம் என்று தள்ளிக்கொண்டே போவார். அவருடைய பதவியில் எனக்கொரு கண். (ஒரு கண் என்ன, இரண்டும்தான்.)

அந்த நேரம் பார்த்து, முதல் உலகப்போருக்குப் பின் ஜேர்மனியர் எழுதிய வைமார் அரசியலமைப்பைப் படித்தேன். முன்பு நாடாளுமன்றத்தைப் பேரரசர்தான் அழைக்கவேண்டும். புதிய சட்டமோ, ஒவ்வொரு நவம்பரிலும் முதல் புதன்கிழமை அது தானாகவே கூடும் என்றது. அழைக்காமல் விட்டு முடக்க ஒருவராலும் ஏலாது! புதன்கிழமையைக்கூட மாற்றாமல் அப்படியே எங்கள் மன்றத்தின் யாப்புக்கு, அதாவது விதிப் புத்தகத்துக்கு, ஒரு விதியாக எழுதினேன். ஒருவழியாகக் கூடிய கோடைக்காலக் கூட்டத்தில், தேர்தலை நவம்பருக்குத் தள்ளிவிட்டு, என் விதியை ஏகமனதாக நிறைவேற்றினார்கள். குகன் அண்ணையும் சிரித்தபடி கையை உயர்த்தினார். அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்கவேண்டும்.

நவம்பர் முதல் புதன். பட்டுச் சேலை, ஏற்புரை, நானே அடுக்கிய எண்பது கதிரைகள். ஏழு மணிக்கு ஒருவரும் இல்லை. (எங்கள் ஏழு எட்டுத்தானே என்று தேற்றிக்கொண்டேன்.) எட்டு மணிக்குக் குகன் அண்ணை மட்டும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"பிள்ளை, ஆருக்காவது ரெலிபோன் எடுத்துச் சொன்னனியோ?"

"தேவையில்லை அண்ணை. அதுதானே சட்டம்."

"சட்டம் சரி. சொல்லாத இடத்துக்கு எங்கட சனம் வருமோ?"

அவர் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று தரம் எடுப்பாராம். புருசனுக்குச் சொன்னதை மனைவிக்குச் சொன்னதாகக் கணக்கெடுக்கவே மாட்டாராம். எனக்கு அழுகை வந்தது. வாக்களிக்க ஆளில்லாததால் அவரே தலைவராகத் தொடர்ந்தார். கதிரைகளை அடுக்கிவைக்க உதவியும் செய்தார், அதுதான் இன்னும் வலித்தது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் வெடித்தேன். நீங்களாவது வந்திருக்கலாமே என்றேன்.

"நீ எனக்குச் சொல்லேல்லையே," என்றார் அம்மா. அப்பாவும் தலையாட்டினார்.

இப்போது நான் வழக்கறிஞர். மன்றத்தில் எனக்கொரு பதவியும் உண்டு: அழைப்புக்குப் பொறுப்பு. ஒவ்வொரு ஒக்டோபரிலும் வீடு வீடாக ரெலிபோன் எடுக்கிறேன். முதல் அழைப்பு அடுத்த அறையில் இருக்கும் அம்மாவுக்கு. விசயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, அவர் ஒவ்வொரு வருடமும் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"இன்னும் ரெண்டு தரம் எடு, பாப்பம்."