பக்கெட் அக்காவும் இருநூறு பெட்டிகளும்

தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே, கோயில்களை விட்டுவிட்டால், செருப்போடு நிற்க முடியாத ஒரே இடம் பக்கெட் அக்காவின் டெஸ்டிங் மேஜைக்கு முன்னால்தான்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. பொழிச்சலூரில் ஒரு ஷெட்டில் பவர் சப்ளை செய்யும் கம்பெனி. ஆஸ்பத்திரி மானிட்டர்களுக்குக் கரண்ட் கொடுக்கும் சின்னப் பெட்டி. சுவரிலிருந்து வரும் இருநூற்று முப்பது வோல்ட் ஒரு பக்கம். நோயாளியோடு ஒயரால் இணைந்த மானிட்டருக்குப் போகும் பன்னிரண்டு வோல்ட் மறுபக்கம். இரண்டும் எங்கேயும் தொட்டுக்கொள்ளக் கூடாது. நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர், அதன் இரண்டு கம்பிச் சுற்றுகளுக்கும் இடையே மூன்று அடுக்கு மஞ்சள் டேப். தொழிலே அவ்வளவுதான்.

இந்தப் பிரிவு தாங்குகிறதா என்று நாலாயிரம் வோல்ட் கொடுத்துப் பார்க்க ஒரு மெஷின் உண்டு. அக்காவுக்கு அது போதாது. சிமெண்ட் தரையில் பக்கெட் தண்ணீரை ஊற்றுவார். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவர் அதில் வெறுங்காலோடு நின்று, ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியின் அவுட்புட் ஒயரைக் கையால் பிடிக்க வேண்டும். டேப் சரியாக இருந்தால் ஒன்றும் ஆகாது. இல்லாவிட்டால் கையெழுத்து வேறு மாதிரி விழும்.

"இது எந்த ரூல்லம்மா இருக்கு?" என்று முதலாளி ஒருமுறை கேட்டார்.

"என் ரூல்ல கீது சார்."

சாக்ஸைக் கழற்ற மறுத்த இன்ஸ்பெக்ஷன் ஆபீசரிடம், "பேஷண்டுக்கும் ஒரு ஜோடி குடுத்துடுவீங்களா சார்?" என்றார். அவர் கழற்றினார். அப்புறம் நாங்கள்தான் ஜன்னலைத் திறக்க வேண்டியிருந்தது.

அக்காவின் தங்கையைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை செல்போன் சார்ஜர் கேட்டாராம். சார்ஜரோடு பக்கெட்டும் வந்ததாம். மனிதர் மறுபேச்சில்லாமல் நின்று பிடித்தார், கல்யாணம் நடந்தது.

நான் அங்கே தரம் பார்க்கும் இன்ஜினியர். சேர்ந்து மூன்று மாதம். ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். தன் தங்கையின் பிரசவத்துக்காக அக்கா லீவில் இருந்த நேரம் பார்த்து மெஷின் ரிப்பேருக்குப் போனது. இருநூறு பெட்டிகள் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும்.

"ரீடிங்க ஃபில் பண்ணிடுப்பா, எல்லாம் பாஸ்தான் ஆகும்" என்றார் முதலாளி. ஒன்றைக்கூடச் சோதிக்காமல் இருநூறு வரியும் நிரப்பினேன். கையெழுத்துதான் பாக்கி. வாசலில் டெம்போ நின்றது. அப்போது பார்த்து அக்கா லீவு முடிந்து வந்து சேர்ந்தார். ஒரு பெட்டியைப் பிரித்தார், ஓடவிட்டார், தண்ணீர் ஊற்றினார்.

"செருப்பக் கழட்டு தம்பி."

கழற்றினேன். தண்ணீரில் நின்றேன். கை மட்டும் முன்னால் போகவில்லை.

"இன்னா, கை வர மாட்டேங்குது?"

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்கக்கா."

அக்கா ரிப்போர்ட்டைப் பார்த்தார். மெஷின் இருந்த காலி இடத்தைப் பார்த்தார்.

"நீ செருப்ப மாட்டிகினு ஓடிடுவ. ஆஸ்பத்திரில ஒயர ஒட்டிகினு படுத்துகினு கீறவன் எங்க ஓடுவான்?"

எனக்கு அவமானமாக இருந்தது.

முதலாளி வரும் சத்தம் கேட்டது. அக்கா சுவிட்சை அணைத்தார். பக்கெட்டில் மீதியிருந்த தண்ணீரை, அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகள் மேல் நிதானமாக ஊற்றினார். கடைசிச் சொட்டுகளில் ரிப்போர்ட்டுக்கும் பங்கு உண்டு. இருநூறு பாஸும் நீல மையாக மேஜையிலிருந்து வழிந்தன.

"கால் தடுக்கிடுச்சு சார். எல்லாம் நனைஞ்சு பூடுச்சு. பிரிச்சு, காயவெச்சு, டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பணும்."

முதலாளி தகரக் கூரை அதிரக் கத்தினார். அக்கா தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். டெம்போ காலியாகத் திரும்பியது. பக்கெட்டைப் பறிமுதல் செய்தார்கள். திங்கட்கிழமை அக்கா சொம்போடு வந்தார்.

மெஷினும் அன்று வந்தது. இருநூறில் மூன்று தேறவில்லை. அந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டு, சொம்புத் தண்ணீரில் நின்று ஒயரைப் பிடித்து, கையெழுத்துப் போட்டேன். நடந்ததைப் பற்றி அக்கா யாரிடமும் பேசவில்லை, என்னிடமும்தான்.

எங்கள் வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று யாராவது கேட்டால், பொழிச்சலூரில் ஒரு அக்கா இருக்கிறார் என்று சொல்லிவிடுகிறேன்.