சுவரில் தொங்கும் என் முதுகு

செஞ்சி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது.

மதிப்பிற்குரிய, சம்பந்தி ஆகப்போகிற சவரிநாதன் அவர்களுக்கு,

லூர்துநாதன் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் என் வீட்டுக்காரி லூர்துமேரியும் இங்கே சுகம். மண்டகப்பட்டில் நீங்களும் வீட்டம்மாவும் விமலாவும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறோம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் ரெண்டு தரம் "ஆங், ஆங்" என்றுவிட்டுப் போனை வீட்டம்மா கையில் கொடுத்துவிடுவீர்கள். இது அவர்களிடம் சொல்லக்கூடிய சங்கதி இல்லை.

விமலாவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, "மாப்ள படம் வரையறாருன்னா, சுவத்துக்கா சினிமாவுக்கா?" என்று கேட்டீர்கள். எனக்கே தெரியாததால் டீயைக் குடித்துச் சமாளித்தேன். வேலை இன்னதென்று தெரிந்த பிறகுதான் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கப் பங்குச் சாமியாரிடம் சொல்வேன் என்றீர்கள். நியாயம்தான், நானும் பெண் பெற்றிருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன். அதனால் மகன் பிரிட்டோவிடம் சொல்லாமலே நேற்று ரெண்டு பேரும் சென்னைக்கு பஸ் ஏறினோம். அவன் படம் ஏதோ ஓவியக் கூடத்தில் மாட்டியிருக்கிறது என்று தெரியும், எந்தக் கூடம் என்று தெரியாது. ஆட்டோக்காரர் தனக்குத் தெரிந்த ஒன்றில் இறக்கிவிட்டார். வெள்ளைச் சுவர், குளுகுளு ஏசி, ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. லூர்துமேரி அதைக் கோயில் என்றே எடுத்துக்கொண்டு செருப்பை வாசலில் கழற்றிவிட்டாள். அவளைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் கழற்றிவிட, வாட்ச்மேனுக்கு அன்றைக்கு முழுக்கச் செருப்புக் காவல்தான். அங்கே பிரிட்டோ படம் இல்லை. அடுத்த கூடத்தில் ஒரு கோணிச் சாக்கைச் சட்டம் போட்டு மாட்டி, அதற்குத் தனியாக லைட்டும் போட்டிருந்தார்கள். மல்லாட்டைக் கடலை மூட்டை கட்டுகிற அதே சாக்கு! இதைத்தான் நம் பையன் செய்துகொண்டிருக்கிறானா என்று குனிந்து சட்டத்துக்குக் கீழே பெயரைத் தேடினேன். நல்லவேளை, அது வேறு யாரோ பெற்ற பிள்ளை செய்தது.

மூன்றாவது கூடத்தில் கதவைத் திறந்ததுமே லூர்துமேரி, "ஐயோ, இன்னாங்க இது, உங்க முதுகு!" என்று கத்தினாள். பார்த்தால் ஆள் உயரத்துக்கு ஒரு முதுகு, பம்புசெட்டுத் தொட்டி ஓரம் சட்டை இல்லாமல் உட்கார்ந்துகொண்டு துண்டைப் பிழிகிறது. கீழே பிரிட்டோ பெயரும், அவன் என்னைக் கூப்பிடுகிற மாதிரியே 'நைனா' என்றும் எழுதி ஒட்டியிருக்கிறது. என் முதுகை நான் எந்தக் காலத்தில் பார்த்தேன்? அவள்தான் வெயில் நாளெல்லாம் பவுடர் போட்டுத் தேய்க்கிறவள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். உங்கள் ஊர்க் குகைக்கோயில் வாசலில் நிற்கிற துவாரபாலகர்கூட இடுப்புக்கு மேலே ஒன்றும் போடாமல்தான் நிற்கிறார், ஆனால் அவர் முகத்தையாவது காட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்கு அந்த மரியாதைகூட இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இதில் லூர்துமேரி வேறு, தன் முதுகும் எங்கேயாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு சுவராகத் தேடிக்கொண்டு போனாள். இல்லை என்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அப்போது கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்து படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "இந்த முதுகுல ஒரு தலைமுறையோட வலியே இருக்கு பாருங்க" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "அது வலி இல்லீங்கம்மா, வேர்க்குரு" என்றேன். அவர் காதில் வாங்காமல், தோள்பட்டைத் தழும்பைக் காட்டி அதிகாரத்தின் சவுக்கடி என்றார். "மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துல பஸ்ஸுல ஏறப் பாத்து, படிக்கட்டுல கிழிச்சிக்கினதுங்க" என்றேன். "நீங்க யாருங்க?" என்றார். சொன்னேன், நம்பவில்லை. நான் என்ன பொய்யா சொல்கிறேன்? சட்டையைக் கழற்றிப் படத்துக்குப் பக்கத்தில் திரும்பி நின்றுவிட்டேன். வாட்ச்மேன் ஓடி வருகிறான், லூர்துமேரி "மானம் போகுது, போடுங்க சட்டைய" என்கிறாள். ஆனால் கூட்டமோ இதுவும் கண்காட்சியில் ஒரு பாகம் என்று நினைத்துக் கை தட்டுகிறது. ரெண்டு பெண்கள் வந்து என் முதுகோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். படத்தில் ஒரு மச்சம்கூட விட்டுப்போகவில்லை என்று சரிபார்த்தும் சொன்னார்கள்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து பிரிட்டோ ஓடி வந்தான். "நைனா, சட்டையப் போடு நைனா!"

"மூஞ்சிய ஏன்டா வரையல?" என்றேன்.

"உன் மூஞ்சிய நேராப் பாக்க இன்னிக்கும் பயமா இருக்குது நைனா. முதுகுன்னா எவ்ளோ நேரம் வேணா பாத்துக்கினு இருக்கலாம்."

சம்பந்தி, சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். கோபத்திலேயே கண் கலங்கிவிட்டது. இந்தப் பையன் இத்தனை வருஷம் என் பின்னாலேயே நடந்து எதையும் விடாமல் பார்த்திருக்கிறான், நான் ஒரு தரம் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆக, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: அவன் வேலை சுவருக்கும் இல்லை, சினிமாவுக்கும் இல்லை. பெற்றவன் முதுகை ஊருக்குக் காட்டுவதுதான் வேலை. மாசச் சம்பளம் கிடையாது. படத்தைக் கழற்றச் சொல்லிக் கண்டித்துவிட்டுத்தான் வந்தேன், கேட்கிற பிள்ளை இல்லை. கௌரவமான குடும்பம் உங்களுடையது. இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் எனக்கு மனஸ்தாபம் இல்லை. ஓலை வாசிக்க வேண்டாமென்று எங்கள் ஊர்ச் சாமியாரிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

வீட்டம்மாவுக்கு எங்கள் தோத்திரம். விமலாவுக்கு ஆசீர். மாதா உங்கள் குடும்பத்துக்குத் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
படத்தில் முகம் இல்லாத,
லூர்துநாதன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது பிரிட்டோ போன் செய்தான். அடுத்த படம் உங்கள் முதுகாம். போன வாரம் நீங்கள் கிணற்று மேட்டில் குளித்துக்கொண்டிருந்தபோது விமலா போனைத் தூக்கிப் பிடித்தாளே, மாட்டைத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தீர்களாமே? அந்தப் போட்டோ அன்றைக்கே பிரிட்டோவுக்குப் போய்விட்டது. பாதி வரைந்தும் ஆயிற்று. பெயர் 'மாமா'. ஆகையால் சம்பந்தம் வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டு, உடனே சாமியாரிடம் போய் ஓலைக்குச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று. உங்கள் படம் என்னுடையதைவிட ரெண்டடி பெரிசாம். மாப்பிள்ளையைப் பெற்றவன் நான், அது எப்படி? விமலாவிடம் சொல்லிக் குறைக்கச் சொல்லவும்.