ராமாயி ஊற்றிய என் காப்பி

கரட்டுப்பாளையம் தோட்டம்,
பிலவ வருஷம் பங்குனி மாதம்.

சங்ககிரியில் லாரி வைத்துப் பிழைக்கும் என் உடன்பிறந்தான் சின்னுசாமிக்கு, அக்காள் சென்னியம்மாள் திருச்செங்கோட்டு மலையைக் கும்பிட்டு எழுதுவது. இங்கே நான் சுகம், உன் மச்சான் சுகம், எருமை கன்று போட்டுச் சுகம். செத்துப்போனதாக உனக்குச் சேதி வந்த என் மாமியாரும் சுகம். ஆகையால் கோடிச் சேலையைத் தூக்கிக்கொண்டு அழுதபடி வந்து இறங்கிவிடாதே. சேலையைக் கடையில் திருப்பியும் கொடுத்துவிடாதே. அது எப்படியும் வேண்டியிருக்கும்.

நடந்ததை என் வாயால் கேள். இந்நேரம் என் கொழுந்தன் பெண்டாட்டி ராமாயி வாயால் நாலு ஊருக்குப் போயிருக்கும். அவளை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால், கர வருஷம், என் பேரன் காதுகுத்தில் நான் கொடுத்த காப்பியை வேப்பமரத்தடியில் துப்பிவிட்டு, "ஏனக்கா, எருமைக்கு வெச்ச கழனித்தண்ணிய மாத்திக் கொண்டாந்துட்டீங்களா?" என்று சபை நடுவே கேட்டவள். அன்று அவள் கட்டியிருந்தது அரக்குக் கரை போட்ட பச்சைச் சேலை. அதுவும் என்னிடம் இரவல் வாங்கியது, இன்னும் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அவள் அடுப்பில் கொதித்த எதையும் நான் நாக்கில் வைத்ததில்லை.

முந்தாநாள் மாமியாருக்கு மூச்சு ஏறி ஏறி இறங்கியதும் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. உயிர் போய்விட்டால் பிணம் எடுக்கிறவரை நம் வீட்டு அடுப்பை மூட்டக் கூடாது, காப்பி பங்காளி வீட்டிலிருந்துதான் வரவேண்டும், எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற பங்காளி வீடென்றால் ராமாயி வீடுதான். அவள் டம்ளரை நீட்ட, ஊரே பார்க்க, நான் வாங்கிக் குடிப்பதா? குடிக்காமல் இருந்தால் எனக்குத் தலை பிளந்துவிடும், அப்புறம் ஒப்பாரி எப்படி வைப்பது? அதனால் அன்று சாயங்காலமே புதுப்பானையில் காப்பித்தூளைக் கை நிறைய அள்ளிப் போட்டு, கிணற்றுத் தண்ணீரைப் பச்சையாக ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஈரமணலில் புதைத்து வைத்தேன். மழையில் விறகு நனைந்த ஒரு நாள் இப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். தீயே காட்டாமல் சாறு இறங்கிவிடும், அவசரம் மட்டும் ஆகாது. விடிந்ததும் உன் மச்சான் வேட்டியில் வடிகட்டினேன். வண்டி மை மாதிரி இறங்கியது. பாலும் நாட்டுச்சர்க்கரையும் கலந்து பித்தளைச் சொம்பில் ஊற்றி, மாமியார் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். அழுகிற சாக்கில் குனிந்து ஒரு வாய் குடித்துக்கொள்ளலாம் பார்.

பெரிய பங்காளி வெள்ளியங்கிரி வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாடி உளுந்துருச்சு. பால ஊத்தி அனுப்பி வையுங்க" என்றார். அவ்வளவுதான், எவனோ ஒருவன் சங்ககிரி போகிற பருத்தி லாரியில் உனக்குச் சாவுச் சேதி சொல்லி அனுப்பிவிட்டான். ராமாயி ஓடிப்போய் என் அடுப்பில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தாள். இத்தனை வருஷமும் அதற்குத்தான் காத்திருந்தாள். திரும்பி வந்தவள், முந்தானையால் மூஞ்சியை மூடி ஓலமிட்டுக்கொண்டே கட்டிலுக்கடியில் கையை விட்டாள். பால் என்று நினைத்து என் சொம்பை எடுத்தாள். பாலாடைச் சங்கில் சாய்த்து மாமியார் வாயில் ஊற்றினாள்.

மாமியார் நாக்கைச் சப்பினார். ஒரு கண்ணைத் திறந்தார். அப்புறம் கயிற்றுக் கட்டில் கிறீச்சிட எழுந்து உட்கார்ந்து, "இது யாரு போட்ட காப்பி?" என்றார்.

ஒப்பாரி பாதி அடியில் நின்றுவிட்டது. வெள்ளியங்கிரி தன் நாடியையே பிடித்துப் பார்த்துக்கொண்டார். ருசி கண்டவர் கேட்கிற கேள்விதானே அது? "நானுங்க அத்தை!" என்று முன்னால் போய் நின்றேன்.

ராமாயி விடுவாளா? "யாரு போட்டதா இருந்தா என்னுங்க? ஊத்துனது என்ற கை. என்ற கைராசி" என்றாள்.

"கை உன்றதுடி, காப்பி என்றது."

"அது சரி. ஏனக்கா, உசுரு போறதுக்கு முந்தியே காப்பிய ஊறப் போட்டுட்டுத்தான் அழுக உக்காந்தீங்களா?"

கூடியிருந்த சனம் முழுதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. "உசுரு இருக்கறப்பவே என்ற அடுப்ப அணைச்சவதானடி நீயி" என்றேன்.

இப்போது ஊரில் பாதிப்பேர் ராமாயி கை என்கிறார்கள், பாதிப்பேர் என் காப்பி என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ வந்து, பங்காளிகளை உட்கார வைத்து, எதனால் எழுந்தீர்கள் என்று மாமியாரையே கேட்டுவிடு. அவர் வாயால் வந்துவிட்டால் கழனித்தண்ணிப் பேச்சு அன்றோடு ஒழியும். என்ன சொல்வார் என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை.

உன் பெண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. உன் லாரிக்கு ஏற்றத்தில் மூச்சும் இறக்கத்தில் பிரேக்கும் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அக்காள் சென்னியம்மாள்.

பின்குறிப்பு: நீ வந்து கேட்க வேண்டாம். பொறுக்கமாட்டாமல் இன்று எல்லோர் முன்னாலும் நானே கேட்டுவிட்டேன். "சில்லுனு ஒரு கசப்பு. அதுவா என்ற கடைசிக் காப்பின்னு இருந்துது அம்மிணி, அதான் எந்திரிச்சேன். ராமாயி ஊட்டுல சூடா ஒரு டம்ளர் வாங்கியா" என்றார். வந்தது. குடித்துவிட்டு அடியில் ஒரு வாய் மிச்சம் வைத்தார். பெரியவர்கள் வைத்த மிச்சத்தைக் கொட்டக் கூடாதென்று நான் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. இது உன்னோடு இருக்கட்டும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. அந்தப் பச்சைச் சேலையைச் சபையில் கேட்க வேண்டும்.