எலி கடித்த பாராசூட்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம். ராக்கெட்டும் நலம், ஓர் இறக்கையில் லேசான விரிசலைத் தவிர. உன் வீட்டில் எல்லாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டால் போன் பண்ணிச் சொல், ஏனென்றால் இந்தக் கடிதத்தில் அதையெல்லாம் விசாரிக்க எனக்கு இடமில்லை, சொல்ல வேண்டியது அவ்வளவு இருக்கிறது. இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். நான் பேசப் பேச நீ "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டே டிவி பார்ப்பது எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதம். டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்து படி.

எல்லாம் உன்னால் வந்தது. ஓய்வு பெறுகிற மனிதருக்கு ஊர் உலகத்தில் என்ன கொடுப்பார்கள்? கடிகாரம் கொடுப்பார்கள், கம்பளி கொடுப்பார்கள். நீயோ, அட்டைக் குழாயை வெட்டி ஒட்டி நாமே செய்துகொள்கிற பொம்மை ராக்கெட் சாமான்களைப் பெட்டியில் போட்டு அனுப்பினாய். முப்பத்தைந்து வருடம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்த மனிதர், ஒரு கிராம் குறைந்தாலும் விடாதவர். ஓய்வு பெற்ற முதல் மாதம் உப்பு ஜாடியை எடை போட்டார், அதில் உப்பு குறையக் குறைய மறுபடி மறுபடி எடை போட்டார், என் தையல் மெஷினைத் தூக்கி எடை போடப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் மாதம் எதையும் எடை போடவில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்ப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன் பெட்டி வந்த அன்றைக்கு எழுந்து வந்து, "கத்தரி எங்க இருக்கு?" என்று கேட்டார். இரண்டு மாதத்தில் அவராகக் கேட்ட முதல் கேள்வி. அதற்காக உனக்குக் கோடி நன்றி. ஆனால் கேட்டுவிட்டு என் துணி வெட்டும் கத்தரியை எடுத்து அட்டையை வெட்டினாரே, அதற்கு உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் கத்தரிப் பக்கம் போகவே பயப்படுகிறார்.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிற பெரிய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு ராக்கெட் சங்கம் கூடுகிறது என்று கண்டுபிடித்து அதில் சேர்ந்தும் விட்டார். சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். சங்கத்தில் தேர்வு உண்டு. நீயே செய்த ராக்கெட் மேலே போக வேண்டும், பாராசூட் விரிய வேண்டும், பத்திரமாகக் கீழே வர வேண்டும், மாலை ஆறு மணிக்குள் அதைக் கொண்டுபோய்த் தலைவர் கையில் ஒப்படைக்க வேண்டும். வருடத்துக்கு மூன்றே வாய்ப்பு. உன் அத்தானின் முதல் ராக்கெட் அழகாக மேலே போய், அழகாக விரிந்து, மைதானத்தைத் தாண்டி ஒரு மரத்தில் போய் உட்கார்ந்தது. இரண்டாவதும் அப்படியே. முதலாவது இன்னும் அங்கேதான் இருக்கிறது. இரண்டாவதின் பாராசூட்டைப் பிரித்து ஏதோ ஒரு பறவை கூடு கட்டிக் குடித்தனம் நடத்துகிறது. இரண்டாவது முறை வீட்டுக்கு வந்தவர் தேர்வுப் படிவத்தை மேஜை டிராயருக்குள் வைத்து மூடிவிட்டு, மறுபடி அந்த ஜன்னல் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவதும் போனால் இந்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதனால் நானே இறங்கினேன். பெட்டியில் வந்த பிளாஸ்டிக் பாராசூட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, லைனிங் பட்டுத் துணியில் எட்டுத் துண்டு வெட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் புதிதாகத் தைத்துக் கொடுத்தேன். நாற்பது வருடத் தையலில் அதுபோல ஒன்று என் கையிலிருந்து வந்ததில்லை. ஞாயிறு காலை மடித்து வைக்கலாம் என்று விரித்தால், நடு மத்தியில் ஓட்டை! டம்ளர் வாய் அகலத்துக்கு ஓட்டை! எலி கடித்திருக்கிறது. நம் வீட்டு எலிக்குக்கூட ஒரு நேர்த்தி இருக்கிறது என்று நினைக்கிற மாதிரி அவ்வளவு வட்டமாகக் கடித்திருந்தது. நல்லவேளை நான் பார்த்தேன், பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்! அவரிடம் சொன்னால் பதறுவார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதே துணியில் ஒட்டு வைத்து, இழை தெரியாமல் தைத்து அடைத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. மடிப்பது எப்போதும் என் வேலை என்பதால் நானே மடித்து உள்ளே திணித்தும் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் நாலு இருபதுக்கு உன் அத்தான் பித்தானை அழுத்தினார். அடேயப்பா! நீ பார்த்திருக்க வேண்டும். 'உஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், அண்ணாந்து பார்ப்பதற்குள் ராக்கெட் கடுகளவு ஆகிவிட்டது. நான் கை தட்டின தட்டில் வளையல் உடைந்தது. உச்சிக்குப் போய் என் பாராசூட் விரிந்தது தம்பி, சிவப்பும் வெள்ளையுமாக, ஒரு சுருக்கம் இல்லாமல்! "இறங்குது, இறங்குது!" என்று நான் கத்தினேன். ஆனால் அது இறங்கவில்லை. சாவகாசமாக ஆகாயத்தில் உலாத்தியது. மைதானத்தின் நடுவுக்கு வந்தது, இறங்கவில்லை. வேலிக்கு வந்தது, இறங்கவில்லை. உன் அத்தான் முகம் சுண்டிவிட்டது. "இவ்வளவு நேரம் மிதக்கக் கூடாதே... கணக்குப்படி இந்நேரம் தரைக்கு வந்திருக்கணுமே" என்று முனகிக்கொண்டே ஓடுகிறார், பின்னால் நான் ஓடுகிறேன், என் பின்னால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பல் டாக்டர் ஓடுகிறார். அது இந்தத் தடவை வேறு பக்கமாக வேலியைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எதிரே இருக்கிற டிரைவிங் ஸ்கூல் காம்பவுண்டுக்குள் நுழைந்து, அங்கே இருக்கிற ஒரே ஒரு மரத்தைத் தேடிப் பிடித்து மூன்றாவது மாடி உயரத்தில் மாட்டிக்கொண்டது.

டிரைவிங் ஸ்கூலை நடத்துகிற அம்மா விசில் ஊதிக்கொண்டே வெளியே வந்தார். நல்ல மனுஷி, விஷயத்தைச் சொன்னதும் விசிலை இறக்கிவிட்டார். பல் டாக்டர் மட்டும் சட்டம் பேசினார்: "யாரும் மரத்துல ஏறக் கூடாது. ஏணி கூடாது. சங்கத்து விதி." அப்புறம் என்னதான் செய்வது? உன் அத்தான் இடது காலணியைக் கழற்றி எறிந்தார். அது மாட்டிக்கொண்டது. அதைத் தட்டிவிட வலது காலணியை எறிந்தார். அதுவும் மாட்டிக்கொண்டது. விதி பேசின டாக்டருக்கே வேகம் வந்து தன் காரிலிருந்து பூப்பந்து மட்டையை எடுத்து வந்து எறிந்தார், அது இரண்டு காலணிக்கும் நடுவே போய் உட்கார்ந்தது. டிரைவிங் ஸ்கூல் அம்மா, "தள்ளுங்க, உங்க யாருக்கும் குறி பார்க்கத் தெரியல" என்று ஓட்டுநர் தேர்வுக்கு வைக்கிற ஆரஞ்சு நிறக் கூம்பை எடுத்து வீசினார். மரம் அதையும் வாங்கி வைத்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் அந்த மரத்தில் ஒரு கடையே வைக்கலாம் போல ஆகிவிட்டது, ராக்கெட் மட்டும் அசையவில்லை.

அப்போதுதான் அந்த அம்மா உன் அத்தானின் காலைப் பார்த்தார். காலணி இல்லாத காலில் சாக்ஸ். சாக்ஸில் ஓட்டை. ஓட்டை வழியே கட்டைவிரல் முழுசாக வெளியே வந்து எல்லாரையும் பார்க்கிறது. "நீங்க தையல் கடை வச்சிருக்கறதா சொன்னீங்க, இல்ல?" என்று கேட்டார். தம்பி, என் மானம் அந்த மரத்தைவிட உயரத்தில் போய் மாட்டிக்கொண்டது.

மணி ஐந்தரை. உன் அத்தான் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "விடும்மா. போனது போகட்டும். வீட்டுக்குப் போலாம்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்து ஆவேசம் வந்ததோ தெரியவில்லை. "எந்திரிங்க! உங்க பையில இருக்கிற கல்லை எடுங்க!" என்றேன். அவர் கால்சட்டைப் பையில் எப்போதும் ஒரு நூறு கிராம் பித்தளை எடைக்கல் இருக்கும். இன்றைக்கும் கடைக்குப் போனால் எடுத்துத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாமான் வாங்குவார்.

"இதையா? முத்திரை போட்ட கல்லு இது! ஒரு சிராய்ப்பு பட்டாக்கூட எடை மாறிடும்!"

"மாறட்டும். நீங்க அந்த ஜன்னல் நாற்காலியில உட்காராம இருந்தாப் போதும் எனக்கு."

என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் சாக்ஸைக் கழற்றி, கல்லை அதற்குள் போட்டு என்னிடம் நீட்டினார், சிராய்ப்பு படாமல் இருக்கவாம். நான் என் பையிலிருந்த பட்டன் நூலை அதில் கட்டினேன். நாற்பது வருடம் மெஷின் சக்கரம் சுற்றின கை இது, சுழற்றி விட்டேன் பார்! சாக்ஸ் மேலே போனது, கல் ஓட்டை வழியே கழன்று டாக்டர் காலுக்கு அரை அடி தள்ளி விழுந்தது. டாக்டர் துள்ளின துள்ளலில் கடிகாரமே நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. ஐந்து நாற்பத்தைந்து. நூலை இழுத்துச் சாக்ஸை இறக்கி, சட்டைக் கழுத்தில் எப்போதும் குத்தி வைத்திருக்கிற ஊசியை எடுத்து, நின்ற இடத்திலேயே அந்த ஓட்டையை அடைத்தேன். இரண்டே நிமிடம். கல்லை உள்ளே போட்டு மறுபடி சுழற்றினேன். சரியாக அந்தக் கிளையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது! நூலில் சணல் கயிற்றைக் கட்டி இழுத்தோம், சணலில் டிரைவிங் ஸ்கூல் அம்மா கார் கட்டி இழுக்கிற தாம்புக் கயிற்றைக் கட்டி இழுத்தோம், பிறகு நாலு பேரும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு "ஏய்... இழு!" என்று கிளையை உலுக்கினோம். இடது காலணி விழுந்தது. கூம்பு விழுந்தது. வலது காலணியும் மட்டையும் சேர்ந்தே விழுந்தன. கடைசியில், ஐந்து ஐம்பத்தெட்டுக்கு, நம் ராக்கெட் பாராசூட்டோடு நேராக வந்து பல் டாக்டரின் தலையில் இறங்கியது.

"கையிலதான ஒப்படைக்கணும்?" என்று டிரைவிங் ஸ்கூல் அம்மா சந்தேகம் கிளப்பினார். டாக்டர் தலையைத் தடவக் கையைத் தூக்கினார், ராக்கெட் கைக்கு வந்துவிட்டது. "வந்தாச்சு! வந்தாச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் ரோட்டில் போன கார் நின்றது. உன் அத்தான் தேறிவிட்டார் தம்பி! படிவத்தில் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது!

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவர் பாராசூட்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், நடுவில் கட்டைவிரலால் மெல்லத் தடவினார், என்னைப் பார்த்தார். "தையல் ரொம்ப நல்லா இருக்கு" என்றார். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் என் தையலை அவர் பாராட்டியது இதுதான் முதல் தடவை. நான் அழுதேவிட்டேன். அழுது முடித்ததும், வீடு வந்து சேரும்வரை, எலி ஓட்டையை நான் அடைத்ததையும் சொல்லிக் காட்டி, அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பின்னே என்ன? இவ்வளவு பாட்டுக்கும் காரணம் அவர் கணக்குதானே! ஒரு கிராமைப் பிடிக்கத் தெரிந்தவருக்குக் காற்றைக் கணக்குப் போடத் தெரியவில்லை. நான் மட்டும் அந்த எலி ஓட்டையைப் பார்த்து அடைக்காமல் இருந்திருந்தால் கதி என்ன ஆகியிருக்கும் என்று நீயே யோசித்துப் பார். பாவம், தலை குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நீயும் போனில் கூப்பிட்டு இரண்டு வார்த்தை புத்தி சொல்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். எல்லாரும் நீண்ட ஆயுளோடும், மரமில்லாத இடத்திலும் வாழட்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அக்கா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மறுபடி பிரித்து எழுதுகிறேன். மரத்தில் கிழிந்த ஓரத்தைத் தைக்கலாம் என்று பாராசூட்டின் அளவு பார்க்க அவருடைய ராக்கெட் நோட்டைத் திறந்தேன். அதில் ஒரு பெரிய வட்டம் போட்டு, நடுவில் சின்ன வட்டம் போட்டிருக்கிறார். பக்கத்தில் சனிக்கிழமை தேதியில் எழுதியிருக்கிறது: "நடுவில் துளை, டம்ளர் வாய் அளவு. காற்று இதன் வழியே வெளியேறும், சீக்கிரம் இறங்கும், மரம் வரை போகாது. வெட்டியாகிவிட்டது. துணிக் கத்தரியை எடுத்ததை அவளிடம் நல்ல நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும்."

தம்பி, நம் வீட்டில் எலியே கிடையாது.

அடுத்த பக்கம் ஞாயிற்றுக்கிழமை. "மரத்தில் சிக்கிய காரணம்" என்று எழுதி, எதிரே "துளை அடை" வரை எழுதி அடித்திருக்கிறார். அடித்துவிட்டு, "காற்று" என்று எழுதியிருக்கிறார். முப்பத்தைந்து வருடத்தில் அந்த மனிதர் எழுதின எந்த நோட்டிலும் ஓர் அடித்தல் நான் பார்த்ததில்லை. யாருக்காகவும் ஒரு கிராமை மாற்றி எழுதினவரில்லை.

அதனால் மேலே அவரைப் பற்றி எழுதினதையெல்லாம் நீயும் அடித்துவிடு. போனில் புத்தியும் சொல்ல வேண்டாம், வாழ்த்து மட்டும் சொல். நான் இப்போதுதான் அந்த ஒட்டைப் பிரித்து எடுத்தேன். நாளைக் காலை அவரிடம், "என்னங்க, எலி மறுபடியும் கடிச்சிருச்சு" என்று சொல்லப்போகிறேன். இந்தத் தடவை, ஓரம் பிரியாமல் இருக்க, எலி சுற்றிலும் காஜாவும் எடுத்துவிட்டுப் போயிருக்கிறது.