பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு நல்ல வரிசை

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் நலம். உங்கள் மகள் நலம். உள்ளே இருப்பவர் அதைவிட நலம். நான் இந்த வரியை எழுதும்போதும் உதைத்துக்கொண்டிருப்பதாகத் தகவல். உங்கள் முழங்கால் வலி தேவலையா? சொன்ன பேச்சைக் கேட்டுச் சம்பந்தி ஐயா மாடிப்படி ஏறுவதைக் குறைத்தாரா? இதையெல்லாம் போனில் கேட்கலாமே என்று நினைப்பீர்கள். போன முறை நீங்கள் பாதியில் வைத்துவிட்டீர்கள். அதனால் யாரும் பாதியில் வைக்க முடியாத வழியாகப் பார்த்துக் கடிதம் எழுதுகிறேன்.

அன்றைக்கு என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "டீச்சரம்மா, மனசத் தொட்டுச் சொல்லுங்க. அவ உங்க வயித்துல பொறந்த பொண்ணா இருந்தா, ஏழு வருஷம் காத்திருந்து உண்டான இந்த நேரத்துல போய் கொரோனா ஊசி போட்டுக்கோன்னு சொல்வீங்களா?" என்றீர்கள். ஐந்தாம் வகுப்புக்கே ஆயுள் முழுக்கப் பாடம் எடுத்தவள் நான். பல்லியின் வால் அறுந்த பிறகும் ஏன் துடிக்கிறது என்று கேட்டாலும் என் கையில் ஓர் உதாரணம் தயாராக இருக்கும். உங்கள் கேள்விக்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தை போதும். நான் குடையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். "மழையில அம்மா குடை பிடிச்சா வயித்துல இருக்கிற பிள்ளையும் சேர்ந்து நனையாம இருக்கும் இல்லையா, அந்த மாதிரிதான் சம்பந்தியம்மா இதுவும்" என்றேன். "குடையை யாரும் உடம்புக்குள்ள குத்த மாட்டாங்க டீச்சரம்மா" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். என் உதாரணத்தை இதுவரை எந்த மாணவனும் இவ்வளவு சீக்கிரம் மடக்கியதில்லை. உங்களுக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டுத்தான் ரிசீவரைக் கீழே வைத்தேன்.

பதறாமல் மேலே படியுங்கள். உங்கள் மகள் ஊசி போட்டுக்கொண்டுவிட்டாள். ஒரு நாள் கை வலித்தது, உடம்பு லேசாகச் சுட்டது, டாக்டர் சொல்லியிருந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டாள், மறுநாள் எழுந்து என் சமையலில் குறை சொல்லும் அளவுக்குத் தெளிந்துவிட்டாள். நடந்ததை என் வாயால் நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

அவளைப் பார்க்கிற லேடி டாக்டரிடம் நானும் கூடப் போனேன். கூடப் போகாமல் இருந்திருக்கலாம். டாக்டர் நிதானமாக, "கர்ப்பமா இருக்கும்போது கொரோனா வந்தா மத்தவங்களவிட மூச்சுத் திணறல் அதிகமாகலாம், குறை மாசத்துல பிரசவம் ஆகவும் வாய்ப்பு இருக்கு, அதனாலதான் போட்டுக்கச் சொல்றோம்" என்று ஆரம்பித்தார். நான் சும்மா இருந்தேனா? "அதாவது கண்ணு, டாக்டர் என்ன சொல்றாங்கன்னா" என்று டாக்டர் சொன்னதை டாக்டருக்கு முன்னாலேயே விளக்க ஆரம்பித்தேன். அவர் அடுத்த வரிக்குப் போனார், நானும் அடுத்த விளக்கத்துக்குப் போனேன். மூன்றாவது தடவை அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "டீச்சரம்மா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார். வகுப்பில் பேசிக்கொண்டிருந்த பிள்ளையைப் போல நான் கையைக் கட்டிக்கொண்டேன். அதன் பிறகுதான் அவரால் முழுதாகச் சொல்ல முடிந்தது: அம்மாவின் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியில் கொஞ்சம் பிள்ளைக்கும் போகும், இதற்கு முன் எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் சொல்ல வேண்டும், பிறந்த பிறகு பிள்ளையைத் தூக்கப் போகிறவர்களும் போட்டுக்கொள்வது நல்லது, முடிவு அவளுடையது. உங்கள் மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்" என்றாள். அந்த 'யோசிச்சு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். யோசிக்கிற பிள்ளைக்கு உதவி செய்ய வேண்டியது ஆசிரியரின் கடமை அல்லவா?

அன்றிலிருந்து வீட்டில் பாடம் தொடங்கியது. காலையில் குடை, மத்தியானம் வாசற்கதவுக் காவலாளி, சாயங்காலம் முழுப் பரீட்சைக்கு முன்னால் வைக்கும் மாதிரிப் பரீட்சை. அவள் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள். ஒவ்வொரு "ம்"மையும் நான் முன்னேற்றமாக எடுத்துக்கொண்டேன். "அம்மா, அவளுக்குப் புரியுது, நீங்க நிறுத்தினா இன்னும் நல்லாப் புரியும்" என்று என் மகன் மட்டும் நடுவில் ஒருமுறை சொன்னான். அவனுக்குப் பொறுமை போதாது, அதை உங்கள் மாப்பிள்ளையிடம் நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

பயம் போக வேண்டுமானால் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று அடுத்ததாக எனக்குத் தோன்றியது. சாப்பாட்டு மேசையை ஓரமாகத் தள்ளினேன், நாற்காலிகளை இடைவெளி விட்டுப் போட்டேன், என் வீட்டுக்காரருக்குத் தோளில் ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்தி, கையில் ஒரு பால்பாயிண்ட் பேனாவைக் கொடுத்து நர்ஸ் ஆக்கினேன். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது உங்களுக்குத் தெரியும். அது அந்த நேரம் எனக்கு ஞாபகம் வரவில்லை. உங்கள் மகள் வந்து நின்றதும் அவர், "உள்ள போங்க, உள்ள போங்க, வாசப்படியில நிக்காதீங்க! கைக்குழந்தையோட வர்றவங்களுக்கு இடம் குடுங்க!" என்று ஆரம்பித்துவிட்டார். "குழந்தை இன்னும் கைக்கு வரலைங்க" என்றேன் நான். "வராட்டி டிக்கெட் வேண்டாம்" என்றார் அவர். சட்டைக் கையை மடித்துவிட வேண்டும் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்த, "கையைத் தூக்குங்க! மேல தூக்குங்க!" என்று நான் குரல் கொடுத்தேன். என் குரலைப் பற்றி நீங்கள் அறிவீர்கள், கல்யாணத்தன்று மைக் கெட்டுப்போனபோது பயன்பட்ட குரல். பக்கத்து அறையில் மகன் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தான். அவனுடைய மேலதிகாரி உட்பட எல்லாரும் கம்ப்யூட்டர் திரையில் கையைத் தூக்கிவிட்டார்களாம். அந்த நேரத்தில் கூடுதல் வேலையை யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

உங்கள் மகளோ அலமாரித் தட்டில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போதும் அத்தை, உள்ள இருக்கிறதும் சிரிக்குது, தாங்கல" என்றாள். பயம் போய்விட்டது, ஒத்திகை வெற்றி என்று நான் முடிவு கட்டினேன். மறுநாள் அவளே, "அத்தை, வர்றீங்களா, ஊசி போட்டுட்டு வந்துடலாம்" என்று கூப்பிட்டாள். என் பாடம் எப்படி வேலை செய்தது பார்த்தீர்களா என்று வீட்டுக்காரரிடம் கண்ணாலேயே சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஊசி போடும் இடம் ஒரு பள்ளிக்கூடம். அங்கேதான் வினை. உங்கள் மகளை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்து, "நீ இங்கயே இரு கண்ணு, எந்த ரூம்னு அத்தை பாத்துட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனேன். முற்றத்தில் கூட்டம் கலைந்து கிடந்தது. ஒருவர் சுவரில் சாய்ந்து நிற்கிறார், ஒருவர் படியில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிறார்கள். பள்ளிக்கூடத்து முற்றத்தில் இப்படி ஒரு காட்சியைப் பார்த்தால் என் கை என் பேச்சைக் கேட்காது. இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன். எல்லாரும் திரும்பினார்கள். பேச்சு நின்றது. சம்பந்தியம்மா, ஓய்வு பெற்ற பிறகு எனக்கு அப்படி ஓர் அமைதி வாய்த்ததே இல்லை. "ஒரு வரிசையா வாங்க. கையை நீட்டி இடைவெளி விடுங்க. குட்டையா இருக்கிறவங்க முன்னாடி" என்றேன். டை கட்டிய ஓர் உயரமான மனிதர், "மேடம், நான் விடியறதுக்கு முன்னாடியே வந்தேன்" என்றார். "இருக்கட்டும் தம்பி, நீங்க உயரமா இருக்கீங்க, கடைசிக்குப் போங்க" என்றேன். போய்விட்டார்! படித்தவர்களுக்கு இன்னும் வாத்தியார் என்றால் பயம் இருக்கிறது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மூலை அறைதான் ஆபீஸ். அதனால் இங்கேயும் மூலை அறையாகத்தான் இருக்கும் என்று வரிசையை அந்தக் கதவுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினேன். நூல் பிடித்தாற்போல ஒரு வரிசை, குள்ளத்திலிருந்து உயரம் வரை. பின்னால் வந்தவர்களும் தங்கள் உயரத்துக்குத் தகுந்த இடத்தில் தாங்களாகவே சொருகிக்கொண்டார்கள். கதவு திறக்கவில்லை. "பொறுமையா இருங்க, மருந்து தயார் பண்றாங்க" என்றேன். எனக்கு யார் சொன்னார்கள் என்று நீங்கள் கேட்கக்கூடாது. கொஞ்ச நேரம் கழித்து டை கட்டியவர் கடைசியிலிருந்து நடந்து வந்தார். கதவுக்கு மேலே சின்ன ஜன்னல் ஒன்று இருந்தது. அவருடைய உயரத்துக்கு நுனிக்காலில் நின்றால் போதும். எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், உள்ள நாலு ஃபுட்பால்தான் இருக்கு" என்றார்.

அவ்வளவு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவராவது திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வேறு வழி தெரியாமல், "எல்லாரும் அப்படியே திரும்பி நில்லுங்க" என்றேன். திரும்பினார்கள். கடைசி இடத்துக்குத் திரும்பிப் போயிருந்த டை கட்டியவர் முதல் ஆளாகிவிட்டார். "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஊசி போட்டுக்கொண்டிருந்த அறையை நோக்கி வரிசையை அவரே கூட்டிக்கொண்டு போனார்.

நான் வராந்தாவுக்கு ஓடினேன். பெஞ்சில் உங்கள் மகள் இல்லை. அந்த நேரத்தில் எனக்குக் குடையும் ஞாபகம் வரவில்லை, காவலாளியும் ஞாபகம் வரவில்லை. உங்கள் குரல் மட்டும்தான் காதில் கேட்டது. ஒவ்வொரு அறையாகத் தலையை நீட்டிக்கொண்டே போனேன். கடைசியில் ஊசி போட்டவர்கள் அரைமணி நேரம் காத்திருக்கிற அறையில், ஜன்னலோரம், கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். "அத்தை, போட்டாச்சு" என்றாள். கர்ப்பிணிகளுக்கு என்று தனி வாசலாம், காத்திருக்கவே வேண்டாமாம், நர்ஸ் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டாராம். "என்னக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்றேன். "நீங்க பாடம் நடத்திட்டு இருந்தீங்க" என்றாள்.

அந்த அரைமணி நேரம் நான் அவள் நெற்றியைத் தொட்டேன், நாடியைப் பிடித்தேன், நாக்கை நீட்டச் சொன்னேன், மூச்சு வாங்குகிறதா என்று கேட்டுக் கேட்டு அவளை மூச்சு வாங்க வைத்தேன். நர்ஸ் வந்து, "யாருக்கும்மா ஊசி போட்டாங்க?" என்றார். "என் மருமகளுக்கு." "அப்ப உங்க கை ஏன் இப்படி நடுங்குது?" என்று எனக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். பார்த்தவர் எண்ணைச் சொல்லவில்லை, படுங்கள் என்று மட்டும் சொன்னார். சின்னப் பிள்ளைகள் உட்காரும் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். எட்டு மாதக் கர்ப்பிணி, சற்று முன்னால் ஊசி போட்டுக்கொண்டவள், மருத்துவச் சீட்டு வைத்திருந்த ஃபைலால் எனக்கு விசிறிக்கொண்டு நின்றாள். "உங்க பொண்ணு நல்லாத்தான் இருக்கு. உங்களத்தான் வீட்டுக்கு அனுப்பலாமான்னு பாக்கிறேன்" என்றார் நர்ஸ். மருமகள் என்று திருத்த வாயைத் திறந்தேன். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன்.

பெஞ்சில் படுத்துக்கொண்டு யோசித்ததில்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்தது. உதாரணம் எதுவும் இல்லாமல் எழுதுகிறேன். ஆமாம், என் மகளாக இருந்தாலும் போட்டுக்கொள்ளத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் என் மகளாக இருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஒரு அதட்டு அதட்டிக் கூட்டிப் போயிருப்பேன். ஏதாவது ஒன்று என்றால் அழுவதற்கும் எனக்கு உரிமை உண்டு. இவள் நீங்கள் என்னை நம்பி அனுப்பிய பெண். ஏதாவது ஒன்று என்றால் உங்கள் முகத்தை நான் எந்த முகத்தோடு பார்ப்பேன் என்ற பயம்தான் குடையாகவும் ஒத்திகையாகவும் வரிசையாகவும் வெளியே வந்திருக்கிறது. உங்களுக்கு இருந்த அதே பயம்தான். நீங்கள் அதைக் கேள்வியாகக் கேட்டீர்கள், நான் பாடமாக எடுத்தேன்.

சம்பந்தி ஐயாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிறக்கப் போகிற பிள்ளை நோயில்லாமல், இரண்டு வீட்டுச் செல்லமும் குறைவில்லாமல், உங்கள் முழங்கால் வலியும் என் குரலும் வராமல் வளர வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன். கோபம் தீர்ந்திருந்தால் ஒரு போன் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி, ஓய்வு பெற்றும் ஓயாத டீச்சர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் பிழை ஏதும் இருக்கிறதா என்று பார்க்க உங்கள் மகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "எல்லாம் சரி அத்தை, ஆனா அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமே" என்கிறாள். என்னிடம் போனை வைத்த அன்றைக்கே நீங்கள் உங்கள் டாக்டரிடம் ஓடினீர்களாம். மறுநாளே, "போட்டுக்கடி, ஆனா அத்தைகிட்ட இப்பவே சரின்னு சொல்லிடாத. பாவம், பாடம் நடத்த ஆள் கெடைக்காம ஏங்கிப் போயிருக்காங்க" என்றீர்களாம். அலமாரித் தட்டில் சாய்ந்திருந்த போனில், வீடியோவில் நீங்கள் இருந்தீர்களாம். ஜன்னலோரம் பிடித்திருந்த போனிலும் நீங்களாம். ஊசி குத்தும்போது கண்ணை மூடிக்கொண்டது நீங்கள் மட்டும்தானாம். ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் என்னுடைய வரிசை திரும்பியபோது சிரித்துச் சிரித்து உங்களுக்குப் புரையேறியதாம். இத்தனை நாள் என்னோடு பேசாமல் இருந்தது கோபத்தால் அல்ல, சிரிப்பை அடக்க முடியாதே என்றுதானாம். ஆகவே மேலே எழுதிய எதையும் நீங்கள் படிக்க வேண்டாம். ஆனால் உங்கள் மகள் இன்னொன்றும் சொன்னாள். சொந்தக் கையில் ஊசி என்றால் உங்களுக்கு ஆகாதாம், நீங்கள் மட்டும் இன்னும் போட்டுக்கொள்ளவே இல்லையாம். அடுத்த மாதம் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச வரப் போவது யார்? நாளைக் காலையில் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்பதற்கு முன்னால், கதவை ஒருமுறை தள்ளிப் பாருங்கள்.