மேற்கே நின்ற கிழக்கண்ணே

மதுரையில் வழி தெரியாமல் தொலைந்து போனவர்களில் பாதிப் பேரைத் தொலைத்தது ஒரே ஆள்தான். மீதிப் பாதிக்கு ஒருவழிப் பாதைகள் பொறுப்பு. சந்தேகம் இருந்தால், ஆனையூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் மாலில் பாத்ரூம் தேடிப் போய்விட்டுத் திரும்பி வந்தவர்களை விசாரித்துப் பாருங்கள். சிலர் இன்னும் வந்து சேரவில்லை என்று கேள்வி.

அவர் பெயர் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். சம்பளம் போடுகிற ஆபீசுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் கிழக்கண்ணே, வாசலில் தொப்பி போட்டு நிற்கிற செக்யூரிட்டி. நான் அவருக்குப் பக்கத்து மேஜையில் மைக்கில் பேசுகிற வேலை பார்த்தேன். குழந்தையைக் காணோம், வழியை மறித்து நிற்கும் காரை எடுங்கள் என்று நாள் முழுக்கத் தொண்டை வறளக் கத்துவேன். காணாமல் போனவர்களில் பலர் என் கண் முன்னாலேயே அவரிடம் வழி கேட்டுவிட்டுப் போனவர்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

முதலில் அந்த மால் வளர்ந்த லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரிய முதலாளி காடு உழுது பிழைத்த சம்சாரி வீட்டுப் பிள்ளை. சொந்தச் சோளக்காட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட் கட்டினார். ரோடு கிழக்கே இருந்ததால் வாசலும் கிழக்கே. வாசலுக்கு ஆள் வேண்டும் என்று இவரைக் கூப்பிட்டு, "கெழக்கு கேட்ட நீ பாத்துக்கப்பா. அந்த கேட் இருக்கிற மட்டும் உனக்கு இங்க வேலை இருக்கு" என்றாராம். இவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கி, எதிரே ஏறி வருகிற சூரியனுக்கும் ஷட்டருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தொப்பியை மாட்டுவார்.

கடை ஓடியது. மேலே ஜவுளிக்கடை வந்தது, அதற்கு மேலே தியேட்டர் வந்தது. பிறகு பக்கத்து நிலங்களை வாங்கிப் புது பிளாக் கட்டினார்கள். நடுவில் ஒரு துண்டு நிலத்துக்காரர் மட்டும் விற்க மாட்டேன் என்று சொல்லி அங்கே எருமையைக் கட்டிவிட்டார். அதனால் பழைய பிளாக்கிலிருந்து புது பிளாக்குக்குப் போகிற வராண்டா அந்த எருமையைச் சுற்றி வளைந்து போகும். நிலம் வேறு பள்ளம். பழைய பிளாக்கின் முதல் மாடியிலிருந்து சமதரையில் நடந்தால் புது பிளாக்கின் இரண்டாம் மாடியில் நிற்பீர்கள். படியே ஏறாமல் எப்படி ஏறினோம் என்று படித்தவர்களே கிறுகிறுத்துப் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்த லட்சணத்தில் நம்மவர் வழி சொல்லுவது எப்படி என்றால், இடது வலது என்ற பேச்சே கிடையாது. நம்ம ஊர்ப் பழக்கம்தான். பந்தியில் "கொஞ்சம் தெக்க தள்ளி உக்காருங்க" என்று சொல்கிற ஜனம் நாம். ஆனால் இவர் எல்லாவற்றிலும் அதுதான். சட்டை போட்டுப் பார்க்கிறவரிடம் வடக்குத் தோள்பட்டை தூக்கி நிற்கிறது என்பார். பல் வலி என்று நான் கன்னத்தைப் பிடித்தால், மேற்குப் பல்லா கிழக்குப் பல்லா என்று கேட்பார். நான் திரும்பி உட்கார்ந்தால் வலிக்கிற பல்லே மாறிவிடும்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய முதலாளி காலமானார், மகன் பொறுப்புக்கு வந்தார், புது ரோடு மேற்கே போட்டார்கள் என்று வாசலையும் மேற்கே திருப்பினார்கள். பழைய கிழக்கு கேட்டை அடைத்துக் குடோன் ஆக்கினார்கள். கிழக்கண்ணே தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மேற்கு வாசலுக்கு வந்தார். வந்து உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து அந்த வாசலைக் கிழக்கு என்று சொல்ல ஆரம்பித்தார்.

அண்ணே, சூரியன் குடோன் பக்கந்தானே உதிக்குது என்று சொல்லிப் பார்த்தேன்.

"அது வெளிய இருக்கிறவுகளுக்குத் தாயி" என்றார் நிதானமாக. "உள்ள ஏசி போட்டிருக்கு. இங்க வாசல் இருக்கிற பக்கந்தான் கெழக்கு."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? கொஞ்ச நாளில் எனக்கே தலை குழம்பிவிட்டது. தெற்கே தலை வைத்துப் படுக்கிறேன் என்று நினைத்து வீட்டில் வடக்கே தலை வைத்துப் படுத்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாலில் பழைய ஆட்களுக்கு ஒரு கிழக்கு, புது ஆட்களுக்கு ஒரு கிழக்கு என்று ஆகிவிட்டது. சரக்கு இறக்க வந்த டிரைவர்கள் இரண்டு கிழக்குக்கும் போய்விட்டு, கடைசியில் எருமைக்காரரிடம் வழி கேட்டார்கள்.

அவர் வேலைக்கே உலை வைத்தது புது பிளாக் திறப்பு விழா. விடியுமுன் கணபதி ஹோமம். கிழக்கு எது என்று ஐயர் கேட்டார். நம்மவர் கொஞ்சமும் யோசிக்காமல் கை நீட்டினார். சின்ன முதலாளி பட்டு வேட்டியோடு குடும்ப சகிதமாக அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தார். மந்திரம் பாதி நடக்கும்போது எல்லோர் முதுகிலும் வெயில் அடித்தது. ஐயர் திரும்பிப் பார்த்தார், முதலாளி திரும்பிப் பார்த்தார், நான் மைக்கை அணைத்துவிட்டுக் குனிந்துகொண்டேன்.

சின்ன முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் அதற்கு மேல் பொறுக்க அவராலும் முடியவில்லை. மால் முழுக்க அம்புக்குறி போர்டு மாட்டச் சொன்னார். இந்த மாசத்தோடு நின்றுகொள்ளுங்கள் என்று கிழக்கண்ணேவிடம் சொல்லிவிட்டார். மனிதர் என் மேஜைப் பக்கம் வந்து, "வீட்டுல உக்கார வச்சா நான் தொலைஞ்சு போயிருவேன் தாயி" என்றார்.

மாதக் கடைசியும் வந்தது. அன்றைக்குப் பேரையூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வேன் பிடித்து முகூர்த்தப் பட்டு எடுக்க வந்திருந்தார்கள். பழைய பிளாக் ஜவுளிக்கடையில் புடவையைப் பார்த்து முடித்து, தாய்மாமன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டிய நேரத்தில் தாய்மாமனைக் காணோம். பாத்ரூம் போகிறேன் என்று எழுந்தவராம். தன் தம்பி கை படாத பட்டு தன் மகளுக்கு வேண்டாம் என்று பெண்ணின் அம்மா உட்கார்ந்துவிட்டார். ராகு காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் மைக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். சின்ன முதலாளியே இறங்கி வந்து தாய்மாமனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எதிரே என்ன போர்டு தெரிகிறது என்று கேட்டார். வருகிற வழியில் ஒரு போர்டில் அம்பு மேலே பார்த்து நின்றது, அண்ணாந்து பார்த்தால் விட்டத்தில் விளக்குதான் இருந்தது, இப்போது சுற்றிலும் தலை இல்லாத பொம்மைகள் துணி இல்லாமல் நிற்கின்றன, கண்ணைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது என்றார் அந்த மனிதர். சின்ன முதலாளி போனையே முறைத்துப் பார்த்தார்.

கிழக்கண்ணே மெதுவாகப் போனை வாங்கினார். "அண்ணே, நான் மாடியில ரவுண்டு வந்தப்ப துணிக்கடை வாசல்ல எங்கிட்டத்தான் வழி கேட்டீக. நேரா கெழக்க போங்கன்னேன். நீங்க எத வச்சுக் கெழக்கு பாத்தீக?"

"வேன்ல இருந்து இறங்கையில சூரியனப் பாத்து வச்சுக்கிட்டேன். அந்தப் பக்கமாத்தான் படி இறங்கி வந்தேன்."

"அப்ப நீங்க சரியாத்தான் போயிருக்கீக. எதுக்க ஒரு பழைய ஷட்டர் இருக்கும், அதுகிட்டயே நில்லுங்க. வாரேன்."

போனவர் கொஞ்ச நேரத்தில் தாய்மாமனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டார். ராகு காலத்துக்கு முன்னால் பட்டு கை மாறியது, குலவை போட்டார்கள், பெண்ணின் அம்மா அழுதார். எனக்குத்தான் 'சரியாத்தான் போயிருக்கீக' என்ற வார்த்தை மண்டையைக் குடைந்தது. சின்ன முதலாளிக்கும் அதே குடைச்சல் போல. நிஜக் கிழக்கு எது என்று உங்களுக்குத் தெரியுமா என்று நேராகவே கேட்டுவிட்டார்.

கிழக்கண்ணே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தெரியும் தம்பி. கெழக்கு கேட் இருக்கிற மட்டும் வேலைன்னு அப்பா சொன்னாக. அத நீங்க அடச்சுப்புட்டீக. எனக்கு வேற வேல தெரியாது. அதான் கெழக்கத் தூக்கிட்டு வந்து இங்க வச்சுக்கிட்டேன்."

சின்ன முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே லிப்டைப் பார்த்துப் போனார், வழக்கம்போலத் தப்பான லிப்டில் ஏறினார். நான் மைக் திறந்திருப்பதுகூடத் தெரியாமல் மூக்கை உறிஞ்சினேன். மால் முழுக்கக் கேட்டது.

மறுநாள் காலையில் கிழக்கண்ணே வழக்கம்போலத் தொப்பி போட்டு ஸ்டூலில் இருந்தார். அவர் தலைக்கு மேலே, அந்த மேற்கு வாசலில், ஏணி போட்டு ஒரு புது போர்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய எழுத்தில் 'கிழக்கு கேட்' என்று இருந்தது. கீழே சின்ன முதலாளி நின்று, போர்டு வடக்குப் பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் இறங்கியிருந்தது தெற்குப் பக்கம்.

அந்த போர்டு இன்றைக்கும் இருக்கிறது. ஆட்டோக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிகிறார்கள். நான் வேலையை விட்டு வந்து நாளாயிற்று. ஆனாலும் எண்ணெய் வாங்க, செருப்பு வாங்க என்று ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அங்கே போய்விடுவேன். அந்த மாலில் எனக்குத் தெரியாத மூலை கிடையாது. இருந்தாலும் வாசலில் நின்று அவரிடம் வழி கேட்பேன். அவர் கை நீட்டுகிற பக்கமே போய், கொஞ்ச நேரம் தொலைந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.