கடலைத்தோல் மேட்டில் நான் வாங்கிய 'மிக நன்று'

செஞ்சி,
18-12-1967.

பெரிய மச்சான் திரு. ஸ்ரீபால் நைனார் அவர்களின் சமூகத்திற்குத் தங்கள் தங்கை புருஷன் சம்பவநாதன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் தர்மவதியும் மூன்று குழந்தைகளும் பசுமாடும் ஜினேந்திரர் அருளால் சௌக்கியம். சௌக்கியம் இல்லாதவன் நான் ஒருத்தன்தான். நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

விஷயம் என்னவென்றால், என்னைக் காஷ்மீருக்குப் பனிமலையில் சறுக்க அனுப்பப் போகிறார்கள். டிராயிங் மாஸ்டராகிய என் தலையில் பள்ளிக்கூடத்து என்.சி.சி.யையும் கட்டிவிட்டது தாங்கள் அறிந்ததே. ஆவணியில் மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. நீச்சல் தெரியுமா, குதிரை ஏறுவீரா என்று கேட்டுக்கொண்டே வந்து, பதினோராவது கட்டத்தில், பனிச்சறுக்கில் உமது திறமை மோசமா, சுமாரா, நன்றா, மிக நன்றா, நீரே மதிப்பிட்டு எழுதும் என்று போட்டிருந்தது. செஞ்சியில் ஏது சார் பனி என்று தலைமையாசிரியர் ரங்கநாதனிடம் கேட்டேன். "காலியா மட்டும் வுடாதய்யா. காலியா இருந்தா திருப்பி அனுப்புவான். தெரியாதுன்னு எழுதினா ஏன் தெரியாதுன்னு விளக்கம் கேப்பான். எதனா ஒண்ணு போட்டுத் தொலை" என்றார்.

பொய் எழுதுவது நம் குலத்துக்கு ஆகாது. சோதித்துப் பார்த்தே எழுதுவது என்று முடிவு செய்தேன். அங்கேதான் மச்சான் எனக்குச் சனி பிடித்தது. நம்ம ஜீவரத்தினம் நைனாரின் கடலை மில்லுக்குப் பின்னால் தோலைக் கொட்டிக் கொட்டி ஒரு மேடு இருக்கிறதே, இரண்டு ஆள் உயரம், அதில் ஏறினேன். இரண்டு பலகையைச் சைக்கிள் டியூபால் காலில் கட்டிக்கொண்டேன். எறும்பு, பூச்சி ஏதாவது நசுங்கிவிடப் போகிறதே என்று கால் மணி நேரம் குனிந்து பார்த்தேன். மதிப்பெண்ணுக்கும் நானே விதி வகுத்தேன். எழுந்து நிற்கும் முன்பே விழுந்தால் மோசம், நின்று விழுந்தால் சுமார், பாதி தூரம் வந்து விழுந்தால் நன்று, விழாமல் தரைக்கு வந்துவிட்டால் மிக நன்று. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு சறுக்கினேன். கீழே ராஜாம்பாள் என்கிற பொம்பளை முறத்தில் கடலை புடைத்துக்கொண்டு நின்றது எனக்கெப்படித் தெரியும்? போய் அவள்மேல் மோதி அப்படியே நின்றுவிட்டேன். அவள்தான் விழுந்தாள், நான் விழவில்லை. "இன்னா சாரு, படம் போடுறத வுட்டுட்டு எங்க எலும்ப எண்ண வந்துட்டியா?" என்று அவள் போட்ட கூச்சலில் மில்லே நின்றுபோனது. இருந்தாலும் அடுத்தவர் விழுவதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லையே என்று, மனச்சாட்சிப்படி 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

போன வாரம் உத்தரவு வந்துவிட்டது. ஜனவரி பத்தாம் தேதி அங்கே இருக்க வேண்டுமாம். ஐயோ மச்சான், அன்றிலிருந்து கண்ணை மூடினால் வெள்ளையாகத் தெரிகிறது. பட்டாளத்திலிருந்து வந்த இராமச்சந்திரனிடம் போய் விசாரித்தேன். போயிருக்கவே கூடாது. "வலியே இருக்காது சாரே, மரத்துப்போவும். சாயந்தரம் பூட்ஸக் கழட்டுனா விரல் பூட்ஸுலயே தங்கிடும், அவ்ளோதான்" என்று பீடியைப் பற்றவைத்தான். மலை நம்ம செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலைபோல நாலு மடங்காம், படியே கிடையாதாம். போதாததற்கு அங்கே சாயந்தரச் சாப்பாட்டு மணி ஏழுக்குத்தானாம். பொழுது சாய்ந்தால் வாயில் எதுவும் போடாத ஜைனர்களாகிய நாம் என்ன செய்கிறது? விரலும் இல்லாமல் சோறும் இல்லாமல் நான் அங்கே கிடந்து சாகணுமா? உள்ளதைச் சொல்கிறேன் மச்சான், எனக்குப் பயமா இருக்குது, ரொம்பப் பயமா இருக்குது. தர்மவதியிடம் சொன்னால், "போறதுதான் போறீங்க, வரும்போது குங்குமப்பூ வாங்கியாந்துடுங்க" என்கிறாள்.

அந்தப் படிவங்கள் வந்து சேரும் ஆபீசிலேயே தாங்கள் பெரிய குமாஸ்தாவாக இருப்பது என் முன்ஜென்மப் புண்ணியம். எப்படியாவது என் படிவத்தைக் கண்ணில் படாத அலமாரிக்கு அடியில் தள்ளிவிடுங்கள். தங்கள் தங்கையின் தாலி தங்கள் கையில் இருக்கிறது.

மருதேவி அக்காளுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும். எல்லாரும் நீண்ட ஆயுளோடு, முழு விரல்களோடு இருக்க வேண்டும்.

இப்படிக்குத் தங்கள் அன்பை நம்பியிருக்கும்,
ம. சம்பவநாதன்.

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் தலைமையாசிரியர் புது உத்தரவோடு வந்தார். இது தெரியாதவர்களுக்கு நடத்தும் பயிற்சியாம். 'மிக நன்று' என்று இருக்கிறவருக்கு அநாவசியமாம். என் பெயரை அடித்துவிட்டு, அனந்தபுரம் பள்ளிக்கூடத்து ராஜாங்கத்தின் பெயரைப் போட்டுவிட்டார்கள். அவன் 'மோசம்' என்று எழுதியிருந்தானாம். அரசாங்கச் செலவில் ரயிலாம், கம்பளிக் கோட்டாம், அனந்தபுரத்துக் கடைத்தெருவில் இப்போதே மாலை போடுகிறார்களாம். வயிறு எரிகிறது மச்சான். ஆகவே மேலே எழுதியதைத் தயவுசெய்து மறந்துவிடவும். என் படிவத்தைத் தேடி எடுத்து 'மிக நன்று' என்பதை அடித்து 'மோசம்' என்று திருத்திவிடவும். அந்த ராஜாங்கத்தைவிட நான் பத்து மடங்கு மோசம் என்று எந்தச் சபையில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.